நகை விற்ற பிள்ளை நகைச்சுவை விற்றார்!

ஆபீசில் டிராப்ட் எழுதுகிறவர் ஒருவர். அடியில் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். கடிதம் நன்றாக இருந்தால் பாராட்டு மேலே போகும். தப்பு இருந்தால் திட்டு கீழே வரும். உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி.

சிரிப்பு உலகத்திலும் இதே வழக்கம்தான். மேடையில் நின்று சிரிக்க வைத்தவரை ஊர் அறியும். அந்தச் சிரிப்பை எழுதிக் கொடுத்தவரை யாரும் அறிய மாட்டார்கள். அமெரிக்காவில் அப்படி எழுதிக் கொடுத்தே பிழைத்த ஒருவர், கடைசியில் தம் பெயருக்காக மல்லுக்கு நின்றார். அவர்தான் ஆல் போஸ்பெர்க்.

பபலோ நகரத்துப் பையன்

நியூயார்க் மாநிலத்தில் பபலோ என்று ஒரு நகரம். அங்கே 1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தவர் போஸ்பெர்க். தந்தைக்கு நகைக்கடை. மகனும் நகை விற்கும் வேலைக்குத்தான் போனார். ஆனால் மனசு கடையில் நிற்கவில்லை. நாடகக் கொட்டகைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கு வரும் ஹாஸ்ய நடிகர்களைத் தேடிப் பிடித்து, தாம் எழுதி வைத்த துணுக்குகளைச் சொல்லிக் காட்டினார். பிடித்திருந்தால் விலை பேசினார். நகை விற்ற குடும்பத்துப் பிள்ளை நகைச்சுவை விற்கப் புறப்பட்டுவிட்டார்!

அப்போது அமெரிக்காவில் வாடவில் என்னும் மேடைக் கதம்பம் கொடிகட்டிப் பறந்த காலம். ஒரு காட்சிக்கு எட்டு, ஒன்பது நிகழ்ச்சிகள் இருக்கும். ஒருவர் பாடுவார். ஒருவர் கரணம் போடுவார். ஒருவர் நாயை வைத்து வித்தை காட்டுவார். நடுவே இருவர் வந்து கேள்வியும் பதிலுமாகப் பேசிச் சிரிக்க வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிஷம்தான். இந்தக் கொட்டகைகளைச் சங்கிலி போல் பெரிய கம்பெனிகள் நடத்தின. நடிகர்கள் பெட்டி படுக்கையோடு ரயில் ஏறி, ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இதில் எழுத்தாளருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இன்று ஓர் ஊரில் சொன்ன துணுக்கு, நாளை அடுத்த ஊருக்குப் புதிது. நல்ல பதினைந்து நிமிஷச் சரக்கு ஒன்று கையில் இருந்தால், நடிகர் அதை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் சோறு சாப்பிடலாம்.

காதலா, சாப்பாடா?

அப்படி ஒரு சரக்கைத்தான் போஸ்பெர்க், ஜார்ஜ் பர்ன்ஸ் - கிரேசி ஆலன் ஜோடிக்கு எழுதிக் கொடுத்தார். ‘லேம்ப் சாப்ஸ்’ என்று அதற்குப் பெயர். ஆட்டுக்கறித் துண்டு என்று பொருள். ஆண் காதல் பேச வருகிறான். பெண்ணுக்கோ சாப்பாட்டு நினைவு. விஷயம் இவ்வளவுதான்.

இந்த ஜோடி மேடை ஏறிய புதிதில் பர்ன்ஸ்தான் ஜோக் சொல்வார். கிரேசி கேள்வி கேட்பார். ஆனால் ஜனங்கள் சிரித்தது கிரேசியின் கேள்விக்கு! பர்ன்ஸ் கெட்டிக்காரர். உடனே பாத்திரத்தை மாற்றிக்கொண்டு, தாம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மாற்றிக்கொண்ட அந்த ஜோடிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல் அமைந்தது போஸ்பெர்க்கின் எழுத்து. 1926-ல் பெரிய கொட்டகைச் சங்கிலியின் நீண்டகால ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. வாடவில்லின் தலைமைப் பீடம் என்று பெயர் வாங்கிய நியூயார்க் பேலஸ் கொட்டகையிலும் ஆடினார்கள். ஜாக் பென்னி, பாப் ஹோப் என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்களும் போஸ்பெர்க்கிடம் எழுதி வாங்கியவர்கள்தான்.

பேச்சு வியாபாரி, ஊமைப்படத்தில்!

அதே 1926-ல் போஸ்பெர்க் சினிமாவிலும் இருந்தார். அது ஊமைப்படக் காலம். பேச்சை விற்றுப் பிழைத்தவர், பேச்சே இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்! அவரை வேலைக்கு வைத்துக்கொண்டவர் பஸ்டர் கீட்டன். முகத்தில் சிரிப்பே காட்டாமல் உலகத்தைச் சிரிக்க வைத்தவர். அவரும் சிறு பிள்ளையாக இருந்தபோதே தாய் தந்தையோடு வாடவில் மேடை ஏறியவர்தான்.

கீட்டன் கம்பெனியில் முழுக் கதையைக் காகிதத்தில் எழுதும் வழக்கம் கிடையாது. துணுக்கு சொல்கிறவர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். கதைக்குத் தொடக்கமும் முடிவும் அமைந்துவிட்டால் போதும். நடுவில் உள்ளது தானே வரும் என்பது கீட்டன் கட்சி. திரையில் எழுத்து அட்டை காட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. மற்றவர்கள் ஒரு படத்துக்குச் சராசரியாக 240 அட்டை போட்டார்கள், தாம் 56-க்கு மேல் போனதில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். வார்த்தையை நம்பி வாழ்ந்த போஸ்பெர்க்குக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? மேடையில் பெரிய ஆளான அவர், தம் படங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதே கீட்டனின் கணிப்பு.

ஆனாலும் ‘பேட்லிங் பட்லர்’, ‘தி ஜெனரல்’ என்ற இரண்டு படங்களில் போஸ்பெர்க்கின் பெயர் இருக்கிறது. இரண்டாவது படம் ரயில்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம். 1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வட தரப்பு ஆட்கள் எதிரிப் பகுதிக்குள் புகுந்து ஒரு ரயில் இன்ஜினைக் கடத்திக்கொண்டு போனது உண்மைச் சம்பவம். அந்த இன்ஜினின் பெயர்தான் ஜெனரல். பறிகொடுத்த டிரைவராகக் கீட்டன் அதைத் துரத்துகிறார். தண்டவாளத்தில் கிடக்கும் கட்டை மீது கையில் இருக்கும் இன்னொரு கட்டையை எறிந்து, இரண்டையும் ஒன்றாகத் துள்ள வைத்துப் பாதையைச் சரி செய்வார். ஓடத் தொடங்கும் இன்ஜினின் சக்கரத் தண்டில் உட்கார்ந்தபடி மேலும் கீழும் போவார். சக்கரம் கொஞ்சம் வழுக்கியிருந்தால் உயிர் போயிருக்கும்.

ஓரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊருக்கு அருகே, நிஜ இன்ஜின் ஒன்றை எரியும் பாலத்தோடு ஆற்றில் விழ வைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்புக்கு எடுக்கும் வரை அது ஆற்றிலேயே கிடந்தது. இத்தனை செய்தும் 1927-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோது படம் வசூலில் விழுந்தது. காலம் போகப் போகத்தான் மதிப்பு ஏறியது. 1989-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைத்தது.

சரக்கு தீர்ந்தது

பேசும் படம் வந்ததும் போஸ்பெர்க்கின் காலம் திரும்பியது. எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் ‘ஹாலிவுட் ரெவ்யூ ஆப் 1929’ படத்துக்கு வசனம் எழுதிய இருவரில் ஒருவர் அவர். மறு ஆண்டு, ‘பிரீ அண்ட் ஈசி’ படத்தில் கீட்டன் வாய் திறந்து பேசிய வசனமும் அவர் எழுதியதே. ஊமைப்படத்தில் ஒத்துவராதவரின் கை ஓங்கியது. ஆனால் கீட்டன் நிலை அதற்குள் மாறிவிட்டது. சொந்தக் கம்பெனியை விட்டு ஸ்டூடியோ சம்பளக்காரராகி, 1933-ல் அந்த வேலையும் போயிற்று. சில வருஷம் கழித்து அதே ஸ்டூடியோவில், மற்றவர்கள் நடிக்கத் துணுக்கு சொல்லும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

மேடைக்கும் அதே கதி. 1932-ல் பேலஸ் கொட்டகையே வாடவில்லைக் கைவிட்டது. நடிகர்கள் ரேடியோவுக்கு ஓடினார்கள். அங்கேதான் ஆபத்து. மேடையில் வருஷக்கணக்கில் ஓடிய சரக்கை ரேடியோவில் ஒரே இரவில் நாடு முழுவதும் கேட்டுவிடும். அடுத்த வாரம் புதிதாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்கு மூச்சு விட நேரமில்லை. பர்ன்ஸ் ஜோடி, ஜாக் பென்னி எல்லோருக்கும் எழுத்தாளர் தேவைப்பட்டார்கள். பென்னியின் நிகழ்ச்சியில் இளம் எழுத்தாளர்கள் இருவருக்கு மூத்தவராக இருந்து போஸ்பெர்க் வழி நடத்தினார். 1937 மார்ச் 28-ல் அந்த நிகழ்ச்சியில் ரயில் பெட்டிப் பணியாளர் வேஷத்தில் ஒரு கறுப்பின நடிகர் பேசினார். எட்டி ஆண்டர்சன் என்ற அவர், ரோச்சஸ்டர் என்ற பாத்திரமாகப் பிறகு பல ஆண்டுகள் பென்னியோடு நிலைத்துவிட்டார்.

கப்பல் அறையில் கூட்டம்

1935-ல் வெளிவந்த மார்க்ஸ் சகோதரர்களின் ‘எ நைட் அட் தி ஆபரா’ படத்தில் ஒரு கப்பல் அறை வருகிறது. பெட்டி ஒன்றை வைத்தாலே நிறைந்துவிடும் அறை. அதற்குள் படுக்கை விரிக்க வந்தவர்கள், குழாய் பழுது பார்க்க வந்தவர், நகம் வெட்ட வந்தவள், அத்தையைத் தேடி வந்தவள், தட்டு ஏந்திய சர்வர்கள் என்று ஆள் மேல் ஆள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஓர் அம்மாள் கதவைத் திறக்க, அத்தனை பேரும் மூட்டை போல் வந்து விழுவார்கள். பண்டிகை சமயத்தில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை!

இதை எழுதியவர் போஸ்பெர்க் என்பார்கள். எழுதிய தாள்களைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து மேல் கூரையில் குத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார், படக்காரர்கள் வந்து ஒட்டிச் சேர்த்துப் படித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. குளியல் தொட்டியில் உட்கார்ந்துதான் அவருக்கு யோசனை ஓடும் என்றும் சொல்வார்கள். படப்பிடிப்புக்கு முன்பே இந்தப் படத்தின் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துக் காட்டி, ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். வாடவில் மேடை செத்தாலும் அதன் வழக்கம் சினிமாவுக்குள் புகுந்துவிட்டது.

இல்லாத பெயர்

அடுத்த படம் ‘எ டே அட் தி ரேசஸ்’. அதற்கும் போஸ்பெர்க் நிறைய எழுதினார். டைட்டிலில் எழுத்தாளர் பெயர்களை எந்த வகையில் போடுவது என்ற பேச்சு வந்தபோது, ஸ்டூடியோ கொடுக்க முன்வந்த இடம் தம் உழைப்புக்குத் தக்கதல்ல என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் என் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்ற மூவர் பெயரோடு படம் 1937 ஜூனில் வெளிவந்தது. அதே மாதம் 18-ம் தேதி மாரடைப்பில் போஸ்பெர்க் காலமானார். வயது 45.

இத்தனை வருஷம் பெயர் இல்லாமலே துணுக்கு விற்றவர், இந்த ஓர் இடத்தில் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்று கேட்கலாம். மேடையில் சொன்ன ஜோக் அன்றைய காற்றோடு போகும். அதற்குக் கூலி வாங்கினால் கணக்கு தீர்ந்தது. சினிமா அப்படியல்ல. படச்சுருள் இருக்கும் வரை பெயரும் இருக்கும். இல்லாத பெயர் இல்லாமலே இருக்கும். அவர் வாதாடிய விஷயத்தில் நியாயம் இருந்தது.

போஸ்பெர்க் ஒத்துவரவில்லை என்று கீட்டன் கருதிய காலத்து ‘தி ஜெனரல்’ படத்தை இன்றும் உலகமெங்கும் போட்டுக் காட்டுகிறார்கள். தொடக்க அட்டையில் ஆல் போஸ்பெர்க் பெயர் வருகிறது. ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்த குதிரைப் பந்தயப் படத்தில் அந்தப் பெயர் இல்லை.