ஈயம் போயிற்று, கேஸ் போகவில்லை

சுனாமி வந்த 2004 டிசம்பரில் நாளிதழ் இணையதளங்களில் வந்த செய்திகளைக் கூகுளில் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கும். தமிழில், அந்தப் பக்கம் இன்னும் இணையத்தில் இருந்தால்கூட, பல நேரம் அகப்படாது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த ஒவ்வொரு புதுக் கருவியும் செய்தியைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்தது. அதைத் தமிழ் எழுத்தில் ஏற்றுவது மட்டும் எப்போதும் தனிப் பாடு. 1899-இல் நாளிதழான சுதேசமித்திரனில் 1904-இல் பாரதி உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் பார்த்த வேலையில் பெரும்பங்கு மொழிபெயர்ப்புதான். தந்தி ஆங்கிலத்தில் வந்தது. பிறகு வந்த டெலிபிரிண்டரும் ஏஜென்சிச் செய்தியை ஆங்கிலத்தில்தான் கொட்டியது. தாளைக் கிழித்தெடுத்து, தமிழில் எழுதி, அச்சுக்கோர்ப்பவரிடம் அனுப்ப வேண்டும்.

அவர் முன்னால் இருப்பது கேஸ்: சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரத்தட்டு, அறைக்கு ஓர் ஈய எழுத்து. ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, ‘க’, கால் என்று மூன்றையும் எடுத்து ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்குவார். ‘கு’, ‘கூ’ போன்றவற்றுக்குத் தனித்தனி அச்சு. ‘னா’, ‘றா’, ‘லை’, ‘னை’ உள்ளிட்ட 13 எழுத்துகளுக்கு அந்நாளில் வேறு வடிவம் இருந்ததால் அவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாகட்டும் என்று பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் அந்த வடிவங்களை மாற்றினார். அரசாணை வர 1978 ஆயிற்று.

ஆஃப்செட்டும் கணினியும் வந்து ஈயத்தை ஒழித்தன. ஆனால் கேஸ் அப்படியே கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைய எழுத்துருவில் மொத்தம் 256 இடம். அதற்குள் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், ‘கு’ ஓரிடம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி அடுக்கியது. ஒரு நாளிதழின் தளத்தைப் படிக்க அதன் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரையில் கொக்கியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. எல்லாரும் அவற்றுக்கு வந்துவிடவில்லை.

எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. அதில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி, அவ்வளவுதான். கொம்பையும் காலையும் எங்கே போடுவது என்பதைத் திரைக்கு வரும்போது மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இன்று கூகுள் தமிழென்று அறிவது இந்த வரிசையைத்தான். தனி எழுத்துருவில் ஏற்றிய பழைய பக்கத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் தமிழ், இயந்திரத்துக்குத் தமிழே இல்லை.

இந்த இழப்பு எனக்கு ஆறவில்லை. ஆங்கிலப் பத்திரிகை எட்டிப் பார்க்காத குப்பங்களின் பெயர், ஊராட்சித் தகராறு, பேருந்து நிற்காத ஊரின் மனு, எல்லாம் உள்ளூர் நிருபர் தமிழில் எழுதியவை. காகிதப் பிரதி நூலகத்தில் இருக்கலாம். தேடிக் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

மீட்க வழி இருக்கிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால், இந்த இடத்தில் இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டு முழுக் கோப்பையும் யூனிகோடாக மாற்றிவிடலாம். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய சிடியிலோ ஹார்ட் டிஸ்கிலோ அந்தக் காலக் கோப்பு உங்களிடம் இருந்தால் அதை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். கூடவே அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.