உறங்கத் தெரிந்த யந்திரம்

தொலைக்காட்சி ரிமோட்டில் போட்ட இரண்டு சிறு பாட்டரிகள் ஓராண்டுக்கு மேலும் உழைக்க, கைபேசி மட்டும் தினந்தோறும் சார்ஜுக்கு ஏங்குவானேன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கைபேசிக்குப் பிரகாசமான திரையும் ஓயாத அலைத்தொடர்பும் உண்டு என்பது பாதி விடை. ரிமோட்டிலுள்ள நுண்கட்டுப்படுத்தி என்னும் சிப், தன் ஆயுளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கிறது என்பது மறுபாதி. அந்த உறக்கத்தின் சூட்சுமம் அற்புதமானது.

இத்தகைய சிப்பில், டிரான்சிஸ்டர்கள் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் கணத்திலேதான் மின்சக்தி பெரும்பாலும் செலவாகிறது; அவற்றை மாறச் செய்வது கடிகாரத் துடிப்பு; ஆகவே அத்துடிப்பையே நிறுத்திவிட்டால், செலவாகும் மின்னோட்டம் ஏறக்குறைய 1 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். வருஷம் முழுவதும் அப்படி ஓடினாலும் 9 மில்லி ஆம்பியர்-மணிக்குள் கணக்கு முடிந்துவிடும். சிறு பாட்டரியின் கொள்ளளவோ சுமார் 1,000.

கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வாசற்கதவில் பிணைத்துவிட்டுத் தூங்கும் காவற்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காவற்காரனோ தன் இதயத் துடிப்பையும் நிறுத்திவிட்டே படுக்கிறான், ஆயினும் எந்த நினைவில் கண்ணயர்ந்தானோ அந்த நினைவை இழப்பதில்லை. கயிறு இழுபட்டதும் இதயம் மீண்டும் துடிக்க, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறான். 'குறுக்கீடு' எனப்படுவது அந்தக் கயிறுதான். பொத்தானை அழுத்தியதும் சிப்பின் ஒரு முனையில் மின்னழுத்தம் மாறுகிறது. சிப் விழித்து, அழுத்தப்பட்ட பொத்தான் எதுவென்று வரிசை வரிசையாகத் தேடி அறிந்து, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வினாடிக்கு சுமார் 38,000 தடவை அணைத்து ஏற்றிச் செய்தி அனுப்புகிறது. என்.இ.சி. என்னும் செய்திக் குறியீட்டு முறையில், ஒவ்வொரு கட்டளையையும் அதன் நேரெதிர் வடிவத்தோடு சேர்த்து அனுப்புவதால், வழியில் பிழை நேர்ந்தால் தொலைக்காட்சி கண்டுகொள்ளும். இத்தனையும் 70 மில்லி வினாடிக்குள் முடிய, மீண்டும் உறக்கம்.

இத்தகைய சிப்பின் சரித்திரம் சுருக்கமானது: 1971-இல் இன்டெல், ஜப்பானிய பிஸிகாம் நிறுவனத்தின் கணக்கிடும் கருவிக்காக உருவாக்கிய 4004 என்னும் செயலி, சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்டது; 1974-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 1000, செயலியையும் நினைவகத்தையும் ஒரே சிப்பில் அடக்கி விற்பனைக்கு வந்தது.

இன்று சலவை யந்திரம் முதல் மின்விசிறி வரை அனைத்தின்மீதும் 'செயற்கை அறிவு' என்று அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால், ஓயாமல் விழித்திருப்பது அறிவின் லட்சணமாகாது. தேவையான கணத்தில் தேவையானதை மட்டும் பிழையறச் செய்வதே உயர்ந்த பொறியியல். ஆதலால் பெட்டியின்மேல் உள்ள சொல்லை நம்பி வாங்காமல், சும்மா இருக்கும்போது எத்தனை வாட் செலவாகும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதே விவேகம்.