ராத்திரி மணி அடித்தால் யார் வருவார்?

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் மாலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பெஞ்சுகளில் பெரியவர்கள் பென்ஷனைப் பற்றியும் பேரன் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது அவற்றோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துவிட்டது: எந்த முதியோர் இல்லத்தில் சாப்பாடு தேவலை? பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. பிறகு வேறு என்ன பேசுவார்கள்!

இல்லங்களில் இரண்டு வகை. தர்மத்துக்கு நடப்பது ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு நடத்துவது மற்றொன்று.

முதல் வகைக்கு நம் ஊரில் பேர் சொல்லும் ஸ்தாபனம் 'விச்ராந்தி'. 'மண்டே சாரிட்டி கிளப்' என்ற மாதர் சங்கத்தை நடத்திய சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-ல் தொடங்கியது. அடையாறுக்குத் தெற்கே பாலவாக்கத்தில், ஆதரவற்ற வயோதிகப் பெண்களுக்காகவே ஏற்பட்ட இல்லம். கொள்ளி வைக்க ஆளில்லாமல் கண்ணை மூடியவர்களின் கடைசிக் காரியங்களையும் இல்லமே முன்னின்று செய்தது. தர்மம் என்றால் சோறு போடுவதோடு முடிந்துவிடுவதில்லை, பாருங்கள்.

பணம் கட்டும் இல்லத்தின் கதை வேறு. முதலில் வைத்தியர் சான்று கேட்பார்கள். தானே எழுந்து நடமாடுகிறவரா, படுத்த படுக்கையா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். முன்பணம் உண்டு. அதில் எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு வராது என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். மருந்துச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் பெரும்பாலும் தனிக் கணக்கு. உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கையெழுத்துப் போடவும், முடிவு நேர்ந்தால் பிள்ளை விமானம் ஏறி வரும்வரை ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்யவும் ஒருவர் வேண்டுமே!

இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வாசல் தோட்டத்தையும் பூஜை அறையையும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வேன், குளியலறையைப் பாருங்கள். சுவரில் பிடிமானக் கம்பி இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? வயதான காலத்தில் ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி பழையபடி நடமாடுவது பலருக்குக் கடினம். இன்னொன்று, ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் வருவது யார் என்று கேளுங்கள். பகலில் நாலு ஆயாக்கள் இருப்பார்கள்; ராத்திரியில் எத்தனை பேருக்கு ஒருவர்? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் இல்லம் நல்ல இல்லம்.

சேர்க்கை விண்ணப்பத்தைப் பெரும்பாலும் பிள்ளைதான் நிரப்புகிறான். அம்மா பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஒரு வாரம் தங்கிப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்று விசாரித்து, பிறகு அவளே முடிவு சொல்லட்டும்.

கடைசியாக வீட்டு விஷயம். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ஆயுள் முழுவதும் கடன் கட்டி முடித்த வீட்டை, பாசத்தில் பிள்ளை பேருக்கு 'செட்டில்மெண்ட்' எழுதிவிட்டு, பிறகு மாதக் கட்டணத்துக்கு அவன் கையை எதிர்பார்க்கும் பெற்றோர் உண்டு. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இவர்களுக்காகவே ஏற்பட்டது. 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை; கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் வாதாட்டம் நீளும். எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை முகம் சுளிப்பானோ என்று கூச்சப்பட வேண்டாம். எழுதிவிட்டுத் தவிப்பவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். அதற்குக் காசு இல்லை.