சிஞ்சுக்குவின் பொன்வீதி

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலே சிஞ்சுக்கு என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள புகையிரத நிலையம் உலகிலேயே சனநெருக்கம் மிகுந்த நிலையமெனப் பேர்பெற்றது. நிலையத்தின் மேற்குப் புறத்தே வானளாவிய மாடங்கள். கிழக்குப் புறத்தே இரவைப் பகலாக்கும் விளக்குகள். இவற்றைக் கண்டு வியந்து எழுதியோர் பலர். நான் எழுத எடுத்துக்கொண்டது இவற்றின் நடுவே, ஒரு கோவிலின் பின்புறத்தே ஒடுங்கிக் கிடக்கும் ஆறு ஒழுங்கைகளைப் பற்றி. அந்த ஆறு ஒழுங்கைகளிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட மதுச்சாலைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அமரக்கூடியவர் ஐவர், மிஞ்சினால் எண்மர். யப்பானியர் இவ்விடத்தைக் 'கோல்டன் காய்' என்பர். பொன்வீதி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பொன் எங்கே என்று தேடுவார்க்குத் தகரமும் மரப்பலகையும் மின்கம்பிச் சிக்கலுமே தென்படும்.

தவறணைகளைப் பற்றி எழுதவும் ஒருவன் கடல் கடந்து போகவேண்டுமா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. நான் மதுவருந்தும் வழக்கமுடையவனல்லன். ஆயினும் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது, அந்த ஒழுங்கைகளின் வரலாற்றைச் சொல்லி நடத்திச் செல்லும் பெண்மணி ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியுற்று, நவம்பர் மாதத்து மாலையொன்றில் அவருடன் புறப்பட்டேன். அவர் அறுபது வயதை அணுகியவர். ஒரு காலத்திலே புத்தகப் பதிப்பகத்திலே பணிபுரிந்தவர். அவுஸ்திரேலியத் தம்பதியர் இருவர், கொரிய மாணவன் ஒருவன், நான், வழிகாட்டி ஆக ஐந்து பேர். "ஐந்துக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. ஆறாவது ஆளுக்குக் கதிரை கிடையாது" என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து நடை தொடங்கியது. சிறிது தூரத்திலே நாக்கமுராயா என்னும் பழைய உணவுக்கடை எதிர்ப்பட்டது. வங்காளத்துப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ் 1915ஆம் ஆண்டு பிரித்தானியரின் பிடிக்குத் தப்பி யப்பானை அடைந்தபோது அவரை ஒளித்துவைத்துக் காத்தவர்கள் இக்கடையின் உரிமையாளராகிய சோமா தம்பதியர். பின்னர் அவர்களுடைய மகள் தொஷிக்கோவை அவர் மணந்தார். 1927ஆம் ஆண்டிலே அக்கடையார் உணவுச்சாலை திறந்தபோது, அவர் கற்பித்த இந்தியக் கறி அங்கே விற்பனைக்கு வந்தது. இன்றும் அது அக்கடையின் சிறப்புணவு. கறியின் வாசனை என்னைக் கால் தடுக்கிற்று, வழிகாட்டியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நடந்தோம்.

சிஞ்சுக்கு என்ற பெயருக்குப் புதிய தங்குமிடம் என்பது பொருள். தோக்கியோ 'எடோ' என வழங்கிய காலத்தில், மேற்கே செல்லும் பெருவழியின் முதலாவது தங்குமிடம் நெடுந்தூரத்தில் இருந்தது. இடையிலே புதியதொன்று வேண்டுமென வணிகர் சிலர் விண்ணப்பித்து, 1698ஆம் ஆண்டு இவ்விடத்தை ஏற்படுத்தினர். 1718இல் அது மூடப்பட்டது. 1772இல் மீளத் திறக்கப்பட்டது. இத்தகைய தங்குமிடங்களிலே வழிப்போக்கர்க்குப் பணிசெய்த பெண்களைச் 'சோறு பரிமாறுவோர்' என்று அரசாங்கப் பதிவுகள் குறித்தன. சோறு மட்டுமே பரிமாறப்படவில்லை என்பது பதிவு எழுதியவருக்கும் தெரியும். ஊரின் பிறப்பே வழிப்போக்கரையும் மதுவையும் ஏழைப் பெண்களையும் நம்பியிருந்தது என்பதை வழிகாட்டி மெல்லிய குரலிலே, ஆனால் ஒளிக்காமல் சொன்னார்.

1945ஆம் ஆண்டு மே மாதத்து விமானத் தாக்குதலிலே சிஞ்சுக்கு எரிந்து சாம்பராயிற்று. ஓகஸ்ட் 15ஆந் திகதி யப்பான் சரணடைந்தது. ஐந்தே நாட்களில், நிலையத்தின் கிழக்கு வாயிலருகே வெளிச்சந் தொங்கவிட்டுத் திறந்தவெளிச் சந்தையொன்று தோன்றிவிட்டது. கள்ளச் சந்தை என்றால் அதுவே. பங்கீட்டு உணவை மட்டும் நம்பினோர் பட்டினி கிடந்த காலம் அது. பானைகளும் கிழங்குகளும் படையினர் கைவிட்ட பொருள்களும் அங்கே விலைப்பட்டன. கூடவே சாராயமும் விலைப்பட்டது. எங்கள் நாட்டிலே கசிப்பு என்போமே, அதற்கு அண்ணனான ஒரு சரக்குக்கு அவர்கள் 'குண்டு' என்று பெயரிட்டிருந்தனர். எரிபொருளுக்குரிய மெதைல் மதுசாரம் கலந்திருந்தமையால் அதை அருந்திக் கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உளர்.

1949ஆம் ஆண்டு நேசநாட்டு ஆதிக்கப் படையின் தலைமையகம் தெருக்கடைகளை அகற்றும்படி ஆணையிட்டது. அகற்றப்பட்ட கடைக்காரருக்கு மாற்றிடமாகக் கிடைத்தது ஹனாசொனோ கோவிலையடுத்த ஒதுக்குப்புற நிலம். ஆளுக்கு மூன்று, நான்கு 'த்சுபோ' வீதம் துண்டாடினர். ஒரு த்சுபோ என்பது ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர். இரண்டு பாய் விரித்தால் நிரம்பிவிடும். அவ்வளவு சிறிய நிலத்தில் அகலத்துக்கு வழியில்லை, உயரத்துக்கே வழியுண்டு. ஆகவே கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, அதற்கும் மேலே கூரைக்கடியில் குனிந்து நுழையும் பரண். இந்த அளவு பின்னர் இவ்வொழுங்கைகளின் தலைவிதியாயிற்று.

நாங்கள் கோவிலின் வழியாகவே உட்புகுந்தோம். ஹனாசொனோ பழமையான ஆலயம். நெல்லுக்கும் வணிகத்துக்கும் உரிய இனாரி தெய்வம் அங்கே வழிபடப்படுகிறது. நவம்பர் மாதத்துச் சேவல் நாள்களிலே நடைபெறும் சந்தையில், வரும் ஆண்டின் அதிட்டத்தை வாரி எடுப்பதற்காக அலங்கரித்த மூங்கில் வாரிகளை வணிகர் வாங்கிச் செல்வர். இந்த முற்றத்திலேதான் 1967ஆம் ஆண்டு காரா ஜூரோ என்னும் நாடகாசிரியர் சிவப்புக் கூடாரமொன்றை நாட்டித் தம் நாடகத்தை அரங்கேற்றினார். 2024ஆம் ஆண்டு மறைந்த அவர், அக்காலத்து இளைஞர் நாடக இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். நாடகம் முடிந்ததும் நடிகரும் பார்வையாளரும் பேசிக்கொண்டே போய்ச்சேர்ந்த இடம் அடுத்திருந்த ஒழுங்கைகள்.

ஒழுங்கையுள் அடிவைத்ததும் என் இரு கைகளையும் விரித்துப் பார்க்க ஆசை எழுந்தது. விரித்திருந்தால் இருபுறத்துக் கதவுகளையும் ஒருங்கே தட்டியிருப்பேன் போலும். கதவுக்குக் கதவு ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு பெயர்ப்பலகை. ஒரு கடையிலே பழைய இசைத்தட்டுகள் மட்டும். இன்னொன்றிலே திரைப்படக்காரர் மட்டும். 'லா ஜெத்தே' என்றொரு கடை பிரெஞ்சுத் திரைப்படமொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படத்தை ஆக்கிய கிறிஸ் மார்க்கரையே அங்கு வைத்துச் சந்தித்ததாக ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1985ஆம் ஆண்டு வெளிவந்த தம் படத்திலே காட்டியிருக்கிறார். யுத்தத்துக்குப் பின் பிறந்தவருள் முதன்முதலாக அக்குத்தகாவா பரிசு பெற்ற நாக்ககாமி கெஞ்ஜியும் இந்த ஒழுங்கைகளின் நாளாந்த வாடிக்கையாளருள் ஒருவர். எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தமையால், எத்தனையோ கையெழுத்துப் படிகள் அலுவலகத்தைக் காணுமுன் இந்த மேசைப் பலகைகளையே கண்டன என்று வழிகாட்டி சிரித்தார். பதிப்பகத்திலே இருந்தவர் சொல்வதை நம்பலாம்.

முதற் கடையிலே ஆறு கதிரைகள். கடைக்காரியை எல்லாரும் 'மாமா' என்று அழைத்தனர். எழுபது வயதுப் பெண்மணியொருவர் மாமா என்ற அழைப்புக்குத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு நான் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. யப்பானிய மதுச்சாலைகளிலே அச்சொல்லுக்கு அம்மா என்பதே கருத்து. அவுஸ்திரேலியர் வற்றாளங்கிழங்கிலிருந்து வடித்த 'சொச்சு' கேட்டனர். நான் ஊலொங் தேநீர் கேட்டேன். தேநீருக்கு முன்பாக ஒரு சிறு கிண்ணத்திலே சோயாவில் வேகவைத்த கிழங்கு வந்தது. அது கேளாமல் வருவது; இருக்கைக் காசோடு சேர்ந்தது. குடித்தாலும் குடியாவிட்டாலும் கதிரைக்குக் காசு உண்டு என்று அறிந்தபோது எனக்கு முதலிலே வியப்பு. பின்னர் அதன் நியாயம் விளங்கிற்று. ஆறே கதிரை உள்ளவள் எத்தனை கிண்ணம் விற்று வாழ்வாள்? அவள் விற்பது இடத்தை, கூடவே தன் செவியையும் நினைவையும். அலுமாரியிலே போத்தல்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர்ச்சீட்டு. வாடிக்கையாளர் முழுப் போத்தலை வாங்கி அங்கேயே வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் அதிலிருந்தே அருந்துவர். பலகையின் மேலே கோவிற் சந்தையில் வாங்கிய மூங்கில் வாரி தொங்கிற்று.

அடுத்த கடை மேல்மாடியில். படி என்று சொல்வது மரியாதைக்கு, அது ஏணி. கைகளையும் ஊன்றித்தான் ஏறவேண்டும். இத்துணைச் செங்குத்தாக ஏன் கட்டினார்கள் என்று கொரிய மாணவன் கேட்டான். வழிகாட்டி நின்றார். "அக்காலத்தில் இந்தப் படியால் ஏறியவர்கள் குடிப்பதற்காக ஏறவில்லை" என்றார்.

1950ஆம் ஆண்டளவிலே இங்கு குடிபெயர்ந்த கடைகளுக்குச் சனப்போக்குவரத்து இல்லை. கீழ்த்தட்டிலே மது விற்று, மேல்தட்டிலே பெண்களை இருத்திப் பிழைத்தனர். பொலிசார் தம் வரைபடத்திலே, பொறுக்கப்பட்ட பரத்தையர் பகுதிகளைச் சிவப்புக் கோட்டாலும், அனுமதியின்றி அதே தொழில் நடந்த பகுதிகளை நீலக் கோட்டாலும் குறித்தனர் என்பர். பொன்வீதி நீலக் கோட்டைச் சேர்ந்தது. பாராளுமன்றத்துப் பெண் உறுப்பினர்கள் விடாது வற்புறுத்தியதன் பயனாக 1956ஆம் ஆண்டு பரத்தைமைத் தடைச் சட்டம் நிறைவேறி, 1958 ஏப்ரல் முதலாந் திகதி தண்டனை விதிகள் நடைமுறைக்கு வந்தன. விளக்குகள் அணைந்தன. வெறிச்சென்றிருந்த அறைகளைக் குறைந்த வாடகைக்கு எடுத்து மதுச்சாலைகள் திறக்கப்பட்டன. காசில்லாத எழுத்தாளர் வந்தனர். இலக்கியப் புகழ் தொடங்கியது அதன் பின்னரே.

பரணுக்குச் செல்லும் சதுரத் துவாரம் என் தலைக்கு மேலே இருந்தது. அதன் கீழே அமர்ந்து தேநீர் அருந்துவது எளிதாக இருக்கவில்லை. இங்கு வந்துபோன எழுத்தாளர் பெயர்களை எல்லாரும் சொல்கிறார்கள். சுவரிலே படங்களும் உண்டு. இவ்வறையிலே வாழ்ந்த பெண்களுள் ஒருத்தியின் பெயரையேனும் நான் எங்கும் காணவில்லை. வழிகாட்டியை மெச்சவேண்டும். இந்த அத்தியாயத்தைத் தாண்டி, எழுத்தாளர் கதையிலிருந்தே அவர் தொடங்கியிருக்கலாம். கேட்போருக்கும் அதுவே உவப்பாக இருந்திருக்கும்.

மேல்மாடிக் கடைக்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். 1980களிலே நிலவிலை தலைகால் தெரியாமல் ஏறிய கதையை அவர் தம் முன்னோரான பழைய மாமாவிடம் கேட்டறிந்தவாறே சொல்ல, வழிகாட்டி மொழிபெயர்த்தார். இவ்விடத்தை முழுதாக வாங்கி உயர்மாடம் எழுப்ப விரும்பிய பெருமுதலாளிகள் தரகரை ஏவினர். தரகர் முதலிற் பணப்பெட்டியுடன் வந்தனர். பின்னர் மிரட்டலுடன் வந்தனர். ஐயத்துக்கிடமான தீப்பற்றல்களும் நிகழ்ந்தன. சிலர் விற்றுவிட்டுப் போயினர். கதவுகளிலே பலகை அறையப்பட்டது. எஞ்சியோர் வாடிக்கையாளரையும் சேர்த்துக்கொண்டு வீதியைக் காக்கச் சங்கம் அமைத்தனர். துண்டு துண்டாகப் பிரிந்த நிலம் அவர்களுக்குத் துணை நின்றது. ஒருவரிடம் வாங்கினால் போதாது. நூற்றுக்கணக்கானோரை இணங்கவைக்க வேண்டும். அதற்குள் 1990களின் தொடக்கத்திலே விலை தானாகவே சரிந்துவிட்டது. பூட்டிக்கிடந்த கடைகளை, 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தவணைக் குத்தகைச் சட்டத்தின் பின் இளைஞர் பலர் வாடகைக்கு எடுத்தனர். இக்கடைக்காரியும் அவ்வாறு வந்தவரே. 2016 ஏப்ரலில் நேர்ந்த தீயிலே சில கடைகள் எரிந்தபோதும், எரிந்த அளவிலேயே மீண்டும் கட்டிக்கொண்டனர்.

இப்போது வேறொரு வகைச் சனம் வருகிறது. நாங்கள்தாம். சில கதவுகளிலே 'இருக்கைக் காசு இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வேறு சிலவற்றிலே 'அங்கத்தவர்க்கு மட்டும்' என்றிருக்கிறது. கொள்ளைநோய் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளிலே மதுச்சாலைகளை மூடிவைக்கும்படி நகர நிருவாகம் கேட்டுக்கொண்டபோது, வாடிக்கையாளர் நால்வர், என்று குடிப்போமென்று தெரியாத போத்தல்களுக்கு முன்பணம் அனுப்பினார்களாம். இன்றைய வாடகையைக் கட்ட அந்த நால்வரால் இயலாது. வெளிநாட்டாரின் காசு வேண்டியிருக்கிறது. "அவர்கள் நல்லவர்கள். ஆனால் நாளைக்கு வரமாட்டார்கள்" என்றார் கடைக்காரி. இதை மொழிபெயர்க்கும்போது வழிகாட்டி சிறிது தயங்கினார்.

அவ்வேளையிலே படியில் அரவம் கேட்டது. தொப்பியணிந்த முதியவரொருவர் தலையை நீட்டினார். ஐந்து கதிரையிலும் ஐந்து அந்நியர். அவர் புன்னகையோடு தலைதாழ்த்தி, வந்த வழியே இறங்கத் தொடங்கினார். கடைக்காரி பலகைக்குப் பின்னாலிருந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். வழிகாட்டி உடனே எழுந்துவிட்டார். கணக்கு முடிக்கும்போதே கடைக்காரி அலுமாரியின் இரண்டாந் தட்டிலிருந்து ஒரு விஸ்கிப் போத்தலை எடுத்து, பெயர்ச்சீட்டை முன்பக்கம் திருப்பி, நான் இருந்த இடத்துக்கு நேரே வைத்தார். முதியவர் மேலே வந்து சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக, முதுகைப் புறங்காட்டி, ஏணியைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கினோம்.