தொப்பை வெறும் கிடங்கு இல்லை

"நஞ்சில்லாம விளைய வைக்கிறோம், நஞ்சில்லாம சாப்பிடுறோம். அப்புறம் நமக்கு எதுக்குங்க ஹார்ட் அட்டாக் வரணும்?"

எங்கள் வட்டாரக் கூட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். குழுவில் 52 வயது விவசாயி ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு கேள்வியில் கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. ஆள் ஒல்லி, 64 கிலோதான். பீடி, சிகரெட், சாராயம் எதுவும் கிடையாது. கை காலெல்லாம் குச்சி குச்சியாக இருக்கும். வேட்டிக் கட்டுக்கு மேலே வயிறு மட்டும் சின்னப் பானை கவிழ்த்த மாதிரி இருக்கும். மாரடைப்புக்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பானையை யாருமே கணக்கில் எடுக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொழுப்பு என்றால் சேமிப்பு என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். வரவு அதிகம், செலவு குறைவு, மீதி வயிற்றில் டெபாசிட். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டிய எனக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரிந்தது. மருத்துவ உலகமும் ரொம்ப காலம் இப்படித்தான் பார்த்தது. 1993-ல் அமெரிக்காவில் ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று காட்டினார்கள். அடுத்த வருடம் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. "இருப்பு போதும், சாப்பாட்டைக் குறை" என்று மூளைக்குச் சேதி அனுப்பும் ஹார்மோன் அது. அதைச் சுரப்பதும் கொழுப்புச் செல்தான். ஆக, கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. தைராய்டு மாதிரி அதுவும் வேலை செய்யும் ஒரு சுரப்பி.

அழற்சி என்றால் என்ன? காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான். உடம்பின் காவல்படை வந்து கிருமியோடு சண்டை போடுகிறது. நாலு நாளில் வேலை முடிந்து படை திரும்பிவிடும். அது நமக்கு நல்லது. கெட்டது எதுவென்றால், வலியும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல் வருடக்கணக்கில் உமித் தீ மாதிரி கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி. தொப்பைக்குள் நடப்பது இந்த வகை.

எப்படி என்று பார்ப்போம். பெரியவர்களுக்குக் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே அளவு புதிதாக வருகிறது. அதனால் மிச்சமாகும் கொழுப்பெல்லாம் பெரும்பாலும் இருக்கிற செல்லுக்குள்ளேயே திணிக்கப்படுகிறது. செல் ஊதிப் பெருக்கிறது. நெருக்கி அடைத்த கம்போஸ்ட் குவியலின் நடுவில் காற்றுப் போகாத மாதிரி, ஊதிய செல்களுக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு வருகிறது. சில செல்கள் செத்து உடைகின்றன. உடனே மேக்ரோபேஜ் என்கிற விழுங்கும் செல்கள் வந்து, பிதுங்கிக் கிழிந்த மூட்டையில் எறும்பு மொய்க்கிற மாதிரி சுற்றி வளைக்கின்றன. ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் இந்த விழுங்கும் செல்கள் 10 சதவீதத்துக்கும் கீழே இருக்க, பருத்தவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்குவதை 2003-ல் வந்த ஆய்வு காட்டியது. வந்த படை சும்மா இருக்காது, மேலும் ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்பைத் தின்று தீர்க்க முடியாது, சண்டையும் முடியாது. இதற்கு நடுவில், ரத்தக் குழாயைக் காக்கிற அடிபோனெக்டின் என்ற நல்ல சுரப்பும் குறைந்துபோகிறது.

இந்தச் சேதிகள் எங்கே போகின்றன என்பதில்தான் தொப்பையின் விசேஷம். கிடா வெட்டும்போது பார்த்திருப்பீர்கள், குடலைப் போர்த்தி வெள்ளை வலை மாதிரி ஒரு கொழுப்பு இருக்கும். நமக்கும் அதே இடத்தில் அதே வலைதான். அந்தக் கொழுப்பின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை ஃபிக்ஸட் டெபாசிட் என்று சொன்னால், குடலைச் சுற்றிய இந்தக் கொழுப்பு கரண்ட் அக்கவுண்ட். சதா எடுப்பும் போடுவுமாக இருக்கும். கொழுப்பு அமிலமும் அழற்சிச் சேதியும் ஓயாமல் போய் இறங்க இறங்க, கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது, இன்சுலின் பேச்சு எடுபடாமல் போகிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது. சி.ஆர்.பி. என்று லேபில் ஒரு டெஸ்ட் எடுக்கிறார்களே, அந்தப் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் செய்வதும் இந்தச் சேதிகளைக் கேட்டுத்தான்.

இனி இதயம். ரத்தக் குழாயின் உள்சுவருக்குள் கெட்ட கொலஸ்ட்ரால் நுழைந்து தங்குகிறது. அதை விழுங்க வருவதும் அதே மேக்ரோபேஜ்தான். விழுங்கி விழுங்கி நுரைத்துப்போய் அங்கேயே தேங்கி அடைப்பு உருவாகிறது. அடைப்பின் மேல் மூடி மாதிரி ஒரு நார்ப்படலம் இருக்கும். அழற்சி அந்த மூடியை அரித்து மெலிதாக்குகிறது. ஒருநாள் மூடி கிழிந்தால், அதன்மேல் நொடியில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. பெரும்பாலான மாரடைப்பு இப்படித்தான் வருகிறது. பாதி அடைப்புகூட இல்லாத குழாயில் திடீரென்று நேர்வதும் இதனால்தான். இதயத்தின் மேலேயே நேரடியாக ஒட்டிய ஒரு கொழுப்பு உறையும் உண்டு. தொப்பையோடு சேர்ந்து அதுவும் தடிக்கும்.

அழற்சிக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு வெறும் யூகம் இல்லை. 2017-ல் கான்டோஸ் என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஒரே ஒரு அழற்சிச் சேதியை மட்டும் தடுக்கும் ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆனாலும் நடுத்தர அளவு மருந்து பெற்றவர்களிடம் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. அந்த ஊசியை எல்லோரும் போட்டுக்கொள்ள முடியாது. விலையும் அதிகம், உயிர்போகும் தொற்றுநோய் ஆபத்தும் கூடியது.

"அப்போ கொழுப்பை உறிஞ்சி எடுத்துட்டா?" என்று ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. 2004-ல் அதையும் செய்து பார்த்தார்கள். 15 பெண்களின் வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். இன்சுலின், ரத்த அழுத்தம், அழற்சி அளவு எதிலும் முன்னேற்றமே இல்லை. உறிஞ்சியது தோலுக்கடிக் கொழுப்பு, குடலைச் சுற்றியது அப்படியே இருந்தது. மீதிச் செல்களும் சுருங்கவில்லை. தொடையிலும் இடுப்பின் கீழும் சேரும் கொழுப்போ பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. 1947-லேயே மார்செய் நகர மருத்துவர் ழான் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று எழுதிவிட்டார்.

நம்மவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. புனே பக்கத்துக் கிராமங்களில் 2.7 கிலோவில் பிறக்கும் குழந்தைகளுக்கே தசை குறைந்தாலும் கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை என்பதும் யாஜ்னிக் குழுவின் கண்டுபிடிப்பு. ஒல்லி என்பது நமக்குச் சான்றிதழ் இல்லை. 52 நாடுகளில் 27,000 பேரை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் எடையைவிட இடுப்பளவு சம்பந்தப்பட்ட கணக்குதான் மாரடைப்பை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்றது.

இனி நம் தட்டுக்கு வருவோம். சிலருக்குக் கோபம் வரலாம். ரசாயனம் இல்லாத அரிசியும் அரிசிதான். மாப்பிள்ளைச் சம்பாவைக் குவித்துச் சாப்பிட்டு, மேலே நாட்டுச் சர்க்கரை போட்ட பாயசமும் குடித்தால், தொப்பை அதை இயற்கை என்று தள்ளுபடி செய்யாது. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மரச்செக்கில் ஆட்டினாலும் 9. சிறுதானியத்திலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். நாம் விளைவிக்கும் பயறு, கீரை, காய், நிலக்கடலை எல்லாம் சந்தைக்குப் போய்விட்டு, வீட்டுத் தட்டில் முக்கால்வாசி சோறாக இருப்பதை நான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன்.

உழைப்பும் முன்போல இல்லை. உழவு டிராக்டரில், களை பவர் வீடரில், வயலுக்குப் போவது வண்டியில். மோட்டாரை செல்போனிலேயே போடுகிறோம். வசதியை விடச் சொல்லவில்லை, நானும்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் குடலைச் சுற்றிய கொழுப்பு நடைக்குச் சீக்கிரம் கரையும். எடை மெஷினில் முள் அசையாவிட்டாலும் உள்ளே குறையும். தினம் வரப்பு சுற்றி அரை மணி, முக்கால் மணி வேக நடை நமக்குச் செலவில்லாத மருந்து. மதிய சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் விழாமல் பத்து நிமிஷம் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் குறையும்.

ஸ்டென்ட் வைத்தவர், மாத்திரை சாப்பிடுபவர் யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தி கஷாயத்துக்கு மாற வேண்டாம். ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் நடைக்கு நேரம் இருக்காது.

இடுப்பை அளக்க பேன்ட் சைஸ் உதவாது. அதைத் தொப்பைக்குக் கீழே மாட்டுகிறோம். வேட்டியோ எந்த இடுப்புக்கும் சேரும், அதனால் காட்டிக்கொடுக்காது. தையல்காரர் டேப் ஒன்று எடுங்கள். நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வெறும் வயிற்றின்மேல் சுற்றுங்கள். எக்காமல் மூச்சை இயல்பாக விட்டதும் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை. அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிட்டு வரலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் டேப் கொண்டு வருகிறேன், பெண்களுக்கு அளக்க என் வீட்டம்மாவும் வருவார்.