தாராவுக்குப் போட்ட காசும் கூட்டுக்குப் போடாத காசும்

எங்கள் ஹாட்வெயார் கடை வாசலில் ஒரு சுருள் கம்பி வலை எப்போதும் சாய்ந்து நிற்கும். ஆறு மூலைக் கண் வைத்த, முறுக்கிப் பின்னிய மெல்லிய வலை. ஊரில் அதற்குக் 'கோழிக்கம்பி' என்றே பெயர். மலிவானது, பாரமில்லாதது, கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். இருபது வருடத்துக்கு மேலாக, கேட்டவர்களுக்கெல்லாம் அடிக் கணக்கில் அளந்து வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எதற்கு வாங்குகிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வாங்குபவருக்குத் தெரியாததா என்பதுதான் என் நினைப்பு.

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் முச்சக்கர வண்டிகள் நாட்கணக்கில் நின்ற காலம் வாசகர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் தெருவில் அப்படி வருமானம் நின்றுபோன குடும்பம் ஒன்று. அந்த வீட்டுச் சகோதரி தன் கைச்சங்கிலியை அடகு வைத்து, பத்துப் பேடும் இரண்டு கடுவனுமாகப் பன்னிரண்டு தாராக் குஞ்சு வாங்கினார். கூட்டுக்கான வலை என்னிடம்தான் வாங்கினார். ஐந்து மாதம் தவிடும் நெல்லும் புண்ணாக்கும் போட்டு வளர்த்து, முட்டை இடத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். ஒருநாள் காலை கடை திறக்கும்போதே வந்து நின்றார். கையில் கிழிந்த கம்பித் துண்டு ஒன்று.

"காக்கா, இது நீங்க வெட்டித் தந்த கம்பிதானே?"

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டில் மூன்றுதான் மிச்சம். இரண்டு தாரா வலையோரம் தலையில்லாமல் கிடந்தன. மற்றவை கூட்டுக்குள்ளேயே கடிபட்டுக் கிடந்தன, ஒன்றிரண்டைக் காணவே இல்லை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. அதில் மயிர் ஒட்டியிருந்தது. மரநாய் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. கீழே வலை கிழிந்திருந்தது நாயின் வேலையாக இருக்கலாம்.

அந்தச் சகோதரி என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோழிக்கம்பி என்பது கோழி வெளியே போகாமல் தடுக்கச் செய்த சாமான். வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க அது செய்யப்படவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு அந்தக் கூட்டைத் திரும்பக் கட்டும் வேலையில் நானும் நின்றேன். அதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வியாபாரம் மந்தமான வீடுகளில் இன்று பலரும் தாரா, கோழி என்று இறங்குகிறார்கள். அவர்களுக்குச் சாமான் விற்பவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள்.

முதலில் வலை. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, வெல்ட் பண்ணிய கம்பி வலை வேண்டும். கண் பெரிதானால் கீரியும் மரநாயும் காலை நுழைத்து, வலையில் சாய்ந்து தூங்கும் தாராவின் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும். தலையில்லாமல் கிடந்த இரண்டும் அப்படித்தான் போயின. கேஜ் எண்ணில் வாடிக்கையாளர் ஏமாறுகிறார்: எண் கூடக் கூடக் கம்பி மெலியும். இருபத்திரண்டு என்றால் பதினாறைவிடப் பலம் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நாமும் பேசாமல் இருக்கிறோம். இன்னொன்று, வெல்ட் பண்ணிய பிறகு நாகம் பூசிய வலைதான் நிலைக்கும். பூசிய கம்பியை எடுத்துப் பிறகு வெல்ட் பண்ணினால் சூட்டில் மூட்டுகளில் பூச்சு போய்விடும், துருவும் அங்கேதான் தொடங்கும். எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பக்கம் உப்புக்காற்று, மறுபக்கம் தாராவின் ஈர எச்சம். மெல்லிய வலை அதிக நாள் தாங்காது.

அளவு பெரிய விடயமில்லை. இரவில் அடைக்க ஒரு தாராவுக்கு நாலு சதுர அடி போதும். பன்னிரண்டுக்கு எட்டடி நீளம், ஆறடி அகலம். தாராவுக்கு உயரம் தேவையில்லை. ஆனால் கூட்டிச் சுத்தம் செய்யும் ஆள் குனிந்தே நின்றால் நாலாவது நாள் சுத்தம் செய்யமாட்டார், ஆகவே முன்பக்கமாவது ஆறடி வையுங்கள்.

எங்கள் மண் கடல் மண். நாய் ஐந்து நிமிடத்தில் தோண்டிவிடும். அதனால் சுற்றிவர ஒரு அடிக்குக் குறையாமல் கிடங்கு வெட்டி அத்திவாரம் போட்டு, அதன்மேல் இரண்டு வரிசை சீமெந்துக் கல் வைத்தோம். அந்தச் சிறு சுவர் தோண்டுவதையும் தடுக்கும், தூங்கும் தாராவை வெளியிலிருந்து மறைக்கவும் செய்யும். கல்லுக்கு வசதியில்லாதவர்கள் வலையைக் கீழே வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துப் படுக்க விட்டு, மண்ணும் கல்லும் போட்டு மூடலாம். தோண்ட வரும் பிராணி சுவரோரத்தில்தான் தொடங்கும், ஒன்றரை அடி தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தெரியாது. உள்ளே நிலத்துக்குச் சீமெந்து போட்டால் மேலே உமி பரப்ப வேண்டும், வெறும் சீமெந்து தாராவின் உள்ளங்காலைப் புண்ணாக்கும்.

வலையை மரத்தில் வெறும் ஆணியால் அடித்துவிட்டுப் போவது நம்மவர் பழக்கம். நாய் ஒருமுறை தள்ளினால் ஆணி கழன்றுவிடும். வலையின் மேல் ஒரு றீப்பைக் கட்டையை வைத்து, ஸ்குரூவால் முறுக்கி இறுக்குங்கள்.

கூரைதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். மரநாய் ஏறும். அலைத்தகரத்தின் ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் ஒரு ஓட்டை இருக்கிறது, தகரம் சுவரில் உட்காரும் இடத்தில் நாலு விரல் விட்டால் அதற்கு வாசல் திறந்து வைத்தது போல. நாங்கள் வளைவுகளைச் சீமெந்துச் சாந்தால் அடைத்தோம். காற்றுக்காக மேலே விட்ட இடத்துக்கும் அதே அரை அங்குல வலைதான். காற்றை மறிக்கக் கூடாது. தாராவின் எச்சத்தில் ஈரம் அதிகம், மூடிக்கட்டினால் கூடு நாறும், நோய் வரும்.

கதவுக்குக் கீழே ஒரு விரலுக்குமேல் இடைவெளி வேண்டாம். கொண்டிக்கு ஆமைப்பூட்டும் போடுங்கள், இரண்டு காலில் வரும் பிராணிக்கும் சேர்த்துத்தான்.

பகலில் வரும் எதிரிகள் வேறு. கீரி பகலில்தான் வேட்டையாடும். வாய்க்காலோரம் கபரகொய்யா முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும், மேலே பருந்தும் காகமும். பெரிய தாராக்கள் பகலில் வயலுக்குப் போய் வரட்டும், ஆனால் குஞ்சுகளை ஐந்து ஆறு வாரம் வரைக்கும் மேலே பழைய மீன்வலை போட்ட அடைப்பில் வையுங்கள். இரவுக்கு மீன்வலையை நம்ப வேண்டாம். சிந்திய தீனியைக் கூட்டிவிடுங்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நஞ்சு வைக்கும் யோசனையே வேண்டாம். கபரகொய்யாவும் மலைப்பாம்பும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அதோடு பக்கத்து வீட்டுப் பூனை முதலில் செத்துவிடும்.

கோழி பொழுதுபட்டால் தானாகக் கூட்டுக்குள் போகும். தாராவை அப்படி நம்ப முடியாது. பின்னேரத் தீனியைக் கூட்டுக்குள் மட்டும் வைத்துப் பழக்கினால் வரும். மஃரிபுக்கு முன் கதவு பூட்டப்பட வேண்டும். காலையில் அவசரப்பட்டுத் திறக்கவும் வேண்டாம். தாரா பெரும்பாலும் விடியப்புறத்தில்தான் முட்டை இடும், எட்டு மணிக்குமேல் திறந்தால் முட்டை வயலில் விழாது.

இனி கணக்கு. புதுக் கூட்டின் செலவு, தாரா வாங்கிய காசைவிடக் கூடிவிட்டது. அந்தச் சகோதரி முகம் சுருங்கினார். முட்டைக் கணக்கில் சொல்லிக் காட்டினேன். கூட்டின் செலவு ஏறக்குறைய 700 முட்டை. பத்துப் பேட்டில் தினமும் ஐந்து முட்டை என்று குறைத்து வைத்தாலும் 140 நாள். செத்த ஒன்பதுக்குப் பதிலாகக் குஞ்சு வாங்கி முட்டைக்குக் கொண்டுவர மறுபடியும் ஐந்து, ஆறு மாதம், அத்தனை மாதத் தீனியும் கைக்காசு. அதாவது கூட்டுக்குக் கொடுக்க வேண்டிய காலத்தை ஒரே இரவில் மரநாய்க்குக் கொடுத்திருக்கிறோம், கையில் கூடும் இல்லை. தாராவுக்கு அடகு வைத்தவர் கூட்டைச் சில்லறைச் செலவாக எண்ணினார். நம்மில் கடைச் சாமானுக்கு இலட்சக்கணக்கில் கடன் எடுத்துவிட்டுக் கதவுக்குப் பழைய பூட்டைத் தொங்கவிடுபவர்கள் இல்லையா?

வலையை வாங்கிய விலைக்கே கொடுத்தேன். அவர் மூன்று தவணையில் கட்டி முடித்தார். இப்போது கோழிக்கம்பி கேட்டு வருபவரிடம் எதற்கு என்று கேட்கிறேன். தோட்டத்துக்கு, பந்தலுக்கு என்றால் வெட்டிக் கொடுக்கிறேன். கூட்டுக்கு என்றால் இரண்டு வலையையும் கையில் கொடுத்து, விரலை நுழைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப்பேர் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.