சுண்டல் நீரில் எழுந்த நுரை

சென்ற டிசம்பரில் ஒரு மாலை, அடுத்த வீட்டுப் பிறந்தநாள் விருந்திலிருந்து திரும்பிய என் ஒன்பது வயது மகள் வாயிற்படியிலேயே நின்றுவிட்டாள். சாக்லெட் போர்த்திய பிஸ்கட் ஒன்றின் பாதி கையில் இருந்தது. மறுபாதி வாயில் இருந்தது. “அம்மா, இதில் எலும்பு சேர்த்திருக்கிறார்களாம், உண்மையா?” என்று குழறிக் கேட்டாள். விழுங்குவதா, உமிழ்வதா என்று அறியாமல் அவள் விழித்த விழிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கூடத்தில் என் மாமியார் விளக்கேற்றிக் கொண்டிருந்தார். ‘ஆம்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ‘இல்லை’ என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

டில்லியில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலேனும் இத்தகைய சங்கடம் நேர்ந்திருக்கும். நம் பிள்ளைகள் பல மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகுகிறார்கள், பகிர்ந்து உண்கிறார்கள். அதைத் தடுப்பது முறையும் அன்று, இயலுவதும் அன்று. புலால் உண்பதும் உண்ணாததும் அவரவர் குடும்ப வழக்கம். அதில் உயர்வு தாழ்வு பேச நான் வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பாட்டியும் பேத்தியும் ஒரே தட்டில் பலகாரம் உண்பார்கள். அந்தத் தட்டு இரண்டாகிவிடுமோ என்பதே என் கவலையாயிற்று.

அந்தப் பண்டம் மூன்றடுக்கு உடையது. அடியில் பிஸ்கட், அதன்மேல் வெண்மையான மெத்தைபோன்ற மார்ஷ்மெல்லோ, எல்லாவற்றையும் மூடிச் சாக்லெட் போர்வை. அமெரிக்காவில் 1913 முதல் ‘மாலோமார்’ என்ற பெயரிலும், ஸ்காட்லாந்தில் 1956 முதல் டன்னக் நிறுவனத்தாரின் ‘டீகேக்’ என்ற பெயரிலும் இது விற்கப்பட்டு வருகிறது. மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் வைத்திய நூல்களில் சீமைத்துத்தி எனப்படுவது அதுவே. அதன் வேரிலிருந்து எடுத்த வழுவழுப்பான சாற்றைச் சர்க்கரையோடு அடித்துப் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் இனிப்புச் செய்தார்கள். பின்னர் வேர் போயிற்று. விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் செடியின் பெயராகவே நின்றுவிட்டது.

பச்சைப் புள்ளி இட்ட இத்தகைய பிஸ்கட்டுகள் நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆயினும் என் மாமியார் பொட்டலத்தின் புள்ளியை நம்புகிறவர் அல்லர். தம் கண் முன்னே கிளறியதையே நம்புவார். ஆகவே வீட்டிலேயே செய்வதென்று துணிந்தேன்.

ஜெலட்டினுக்கு மாற்று எளிதில் கிடைத்தது. இங்குள்ள மளிகைக் கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். நம் ஊரில் இசுலாமியச் சகோதரிகள் நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்யும் கடற்பாசிதான் அது. பொட்டலத்தைக் கண்டதும் பரமக்குடிக்காரரான மாமியாரின் முகம் மலர்ந்தது. “இது எங்கள் பக்கத்துச் சரக்கு அல்லவா!” என்றார். மண்டபம், இராமேசுவரம் பக்கத்துக் கடலோரப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்னும் இப்பொருள் செய்யப்படுகிறது. டில்லிக் கடையில் அதற்குச் சீனப் பெயர் வாய்த்திருப்பது ஒரு வேடிக்கை.

ஆனால் பாசி உறையுமேயன்றி நுரைக்காது. என் முதல் முயற்சி கண்ணாடிபோன்ற அல்வாவாக முடிந்தது. நுரைக்கு முட்டையின் வெண்கரு வேண்டும் என்றன புத்தகங்கள். எங்கள் வீட்டில் அதுவும் ஆகாது. இதற்கு விடை கண்டவர் ஜோயல் ரோசெல் என்னும் பிரெஞ்சுக்காரர். பயறு வேகவைத்த நீரை அடித்தால் வெண்கருவைப் போலவே நுரைக்கும் என்று அவர் 2014இல் கண்டார். அடுத்த ஆண்டில் கூஸ் வோல்ட் என்னும் அமெரிக்கர் அதற்கு ‘அக்வாபாபா’ என்று பெயர் சூட்டினார். கடலையிலிருந்து நீரில் இறங்கும் புரதமே இதற்குக் காரணம். வெள்ளிக்கிழமைதோறும் சுண்டலுக்குக் கடலை வேகவைத்து, அந்த நீரை இரசத்தில் சேர்த்து வந்த நமக்கு இது தோன்றாமற் போயிற்றே!

செய்முறையைச் சொல்கிறேன். வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம் எடுத்து இரவு ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் உப்பில்லாமல் வேகவையுங்கள். வெந்த நீரிலேயே ஆறவிட்டு வடித்து, வெண்கருவின் பதத்திற்குச் சுண்டக் காய்ச்சிக் குளிரச் செய்யுங்கள். (கடலையை வழக்கம்போல் தாளித்துவிடலாம்.)

பிஸ்கட்டுக்கு மைதா 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம். பிசைந்து தட்டி, சிறு வட்டங்களாக வெட்டி, 170 பாகை வெப்பத்தில் ஓரம் சிவக்கும்வரை சுட்டு எடுங்கள்.

இனி நுரை. கடலை நீர் 100 மில்லிலிட்டரில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மின்கடைப்பானால் பத்து நிமிடம் அடியுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழக்கூடாது, அதுதான் பதம். மற்றொரு பாத்திரத்தில் 120 மில்லிலிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டிப் பாசித்தூளைக் கலந்து, முற்றும் கரையும்வரை கொதிக்கவிட்டு, 200 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சுங்கள். இதில் எலுமிச்சை சேர்க்க வேண்டாம். புளிப்போடு கொதித்தால் பாசி வலுவிழக்கும். பாகு 110 பாகைக்கு வரவேண்டும். என்னிடம் வெப்பமானி இல்லை, மாமியார் இருந்தார். சற்றுத் தொலைவில் அமர்ந்து ‘எனக்கென்ன’ என்பதுபோல் பார்த்திருந்தவர், என் தடுமாற்றம் பொறாமல் எழுந்து வந்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டை விரலிடையே இழுத்துப் பார்த்து, “இரண்டு கம்பி வந்துவிட்டது, இறக்கு” என்றார்.

கொதிக்கும் பாகை நூல்போல் நுரையில் ஊற்றிக்கொண்டே அடிக்கவேண்டும். பிள்ளைகளை அப்போது அருகில் விடாதீர்கள். வெனிலா சில சொட்டு விட்டால் கடலை மணம் மறையும். பிறகு தாமதமே கூடாது. பாசி ஏறக்குறைய 40 பாகையிலேயே உறையத் தொடங்கும். இரண்டாம் முயற்சியின்போது தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நுரை பாத்திரத்தோடு இறுகிவிட்டது. முறுக்குப் பிழியும் துணிபோல் ஒரு பையில் இட்டு, உடனே பிஸ்கட்டுகளின்மேல் குவித்துவிடுங்கள். நான்கைந்து மணி நேரத்தில் மேற்புறம் ஒட்டாமல் உலரும்.

சாக்லெட் 200 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குங்கள். ஒரு துளி நீர் பட்டாலும் திரிந்துவிடும். 45 பாகைவரை உருக்கி, 27க்கு ஆறவிட்டு, மீண்டும் 31க்குச் சூடேற்றினால் பளபளப்பாக இறுகும். கொக்கோ வெண்ணெய் நம் உடற்சூட்டுக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகுவது. மாலோமாரைக்கூடக் கோடையில் விற்பதில்லை. ஆகவே இது டில்லிக் குளிருக்கே உரிய பலகாரம். மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு இதில் சற்றுப் பொறாமைதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஜெலட்டின் இட்டதைப்போல் இது இழுபடாது, நாவில் உருகவும் செய்யாது, மெத்தென்று உடையும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

பொங்கலன்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளை அழைத்தோம். பாட்டியே தட்டேந்தி வந்து, பேத்திக்கு ஒன்று கொடுத்துத் தாமும் ஒன்று எடுத்துக்கொண்டார். பிறந்தநாள் கொண்டாடிய சிறுவன் ஒன்றைக் கடித்துப் பார்த்து, “இதில் எலும்பு உண்டா?” என்று இந்தியில் கேட்டான்.

“இல்லை, சுண்டல்!” என்றாள் என் மகள்.

அவன் நம்பவில்லை, ஆயினும் மூன்று தின்றான்.